சலினாவுக்குக் கொடுத்த நீல நம்பர்

உங்கள் அப்பாவின் நிலத்தில் கால் ஊன்றி நிற்பதற்கு, நீங்கள் ஆணா பெண்ணா என்று ஊருக்கு முன்னால் ஒருமுறையாவது பதில் சொல்ல வேண்டியிருந்ததா? ஆணாகப் பிறந்திருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு விளங்காது. விளங்காமல் இருப்பது உங்கள் தப்பில்லை. ஆனால் அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த வசதி.

சலினா ஜெபிட்டோக்குக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமைக் காலையில், கப்மெலில் என்ற ஆப்பிரிக்க மலையூரின் முச்சந்தியில், ஓட்டப்பந்தயத்துக்காக நெஞ்சில் குத்தவேண்டிய நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். பெண்களுக்கு மஞ்சள் நம்பர், ஆண்களுக்கு நீலம். அவளுக்குக் கிடைத்தது நீலம்.

கேலிக்காகக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். மரியாதைக்காக அல்லவா கொடுத்திருந்தார்கள்!

சலினா ஓட ஆரம்பித்தது பதக்கத்தை நினைத்தல்ல. பத்தொன்பது வயதில் கொபுஜோய் பக்கத்தில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சில வருடம் கழித்து, வாங்கிய ஆட்டுக்குட்டி நொண்டி என்று திருப்பிக் கொண்டுவருபவனைப் போல, அவளை அப்பா வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனான். குழந்தை இல்லை என்பது புகார். அவன் ஒருநாளாவது மருத்துவரிடம் போனானா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு பேரைக் கட்டினான். அந்த வீடுகளிலும் குழந்தை அழும் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் மலடி என்ற பட்டம் சலினாவிடமே தங்கிவிட்டது. பட்டம் கொடுப்பவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை.

விடிந்ததும் ஓடைக்குத் தண்ணீருக்குப் போகும் பெண்கள் அவளைப் பார்த்து நிற்பார்கள். "திரும்பிப் போகலையா?" "மருந்து ஏதாவது சாப்பிட்டியா?" அந்தக் கேள்விகளுக்குப் பயந்து, அவர்கள் எழுவதற்கு முன்பே செம்மண் சாலையில் இறங்கி ஓடினாள். கேட்பவர்களைவிட வேகமாக ஓடினால் கேள்வி காதில் விழாது. அந்தச் சாலையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஏற்கெனவே ஐம்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாண்டி மலையில் தனியாக ஓடுவது நடக்கிற காரியமா? ஒரு மாதத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியானாள். செவ்வாய்க்கிழமை மண் மைதானத்தில் சுற்று, வியாழக்கிழமை ஒரு நிமிடம் பறந்து ஒரு நிமிடம் தவழும் ஓட்டம், சனிக்கிழமை தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி நெடுந்தூரம். ஏப்ரல் மழையில் ஷூவின் அடியில் ஒட்டும் சேறு ஆளுக்கு ஒரு கிலோ தேறும். அதோடுதான் மேடு ஏற வேண்டும்.

உலகம் அறிந்த ஓட்டக்காரியாக அவள் ஆகவில்லை. எல்டோரெட்டில் ஓடினாள், நைரோபியில் ஓடினாள், ஜெர்மனியில் பெயர் வாயில் நுழையாத சிற்றூர்களில் ஓடினாள். ஐந்தாவது, ஏழாவது, ஒருமுறை மூன்றாவது. சம்பாதித்ததில் அப்பாவின் தேயிலைச் சரிவுக்கு வேலி போட்டாள். வீட்டுக்குத் தகரக் கூரை போட்டாள். அவள் தூங்கப் போவது அந்தக் கூரையின் கீழ், எழுந்து ஓடுவது அந்தச் சரிவின் ஓரம். அவளுக்கு வாழ்க்கை என்றால் இந்த இரண்டும்தான்.

அப்பா போனார். பின்னாலேயே அம்மாவும் போனாள். அம்மாவைப் புதைத்த மண் காய்வதற்குள் பெரியப்பா மகன் கிமாய்யோ கயிறு கொண்டுவந்து தேயிலைச் சரிவை அளந்தான்.

"என்னண்ணே பண்றே?"

"அளக்கிறேன், தங்கச்சி."

"எதுக்கு?"

"சும்மா. உனக்கு அப்புறம் இதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமே."

"எனக்கு அப்புறம்தானே? நான் இன்னும் இருக்கேனே."

"இருக்கே, இருக்கே. ஓடிக்கிட்டே இருக்கே," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினான்.

மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு என்று நாட்டின் சட்டத்தில் எழுதிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கப்சபெட்டில் ஒரு வக்கீல் அதைப் படித்தே காட்டினார். ஆனால் இந்த மலையில் எல்லாரும் ஓடுகிறார்கள், சட்டம் மட்டும் நடந்து வருகிறது. அது வந்து சேரும்வரை நிலத்தை யார் பிடித்துவைப்பது?

அப்போதுதான் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து தப்ரந்திச் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. உட்காரும் முன்பே விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு பொண்டாட்டியைக் கட்டிக்கோ."

"அத்தை, எனக்கு வயசு முப்பத்தாறு."

"அதனாலதாண்டி சொல்றேன். பதினாறா இருந்தா ஒரு புருஷனைக் கட்டிக்கோன்னு சொல்லியிருப்பேன்."

நாண்டி இனத்தாருக்கு இது புதிதல்ல. ஆண்வாரிசு இல்லாத வீட்டுப் பெண், மாடு கொடுத்து ஒரு பெண்ணை மணந்துகொள்ளலாம். மணந்த நாளிலிருந்து ஊர்க்கணக்கில் அவள் ஆண். வந்தவளின் பிள்ளைகளுக்கு அவள்தான் அப்பா. நிலம் அந்தப் பிள்ளைகளுக்குப் போகும், எந்தப் பெரியப்பா மகனும் வாய் திறக்க முடியாது. படுக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது நிலத்துக்காக நடக்கும் கல்யாணம். ஒரு பெண்ணிடம் நிலம் இருக்கக் கூடாது என்ற விதியை மாற்றுவதைவிட அந்தப் பெண்ணையே ஆணாக மாற்றிவிடுவது எளிது என்று கண்டுபிடித்த மூளையை என்ன சொல்வது! பாராட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

சலினாவுக்கும் அது தெரியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. ஜெருட்டோ வந்தாள். இருபத்திரண்டு வயது. முதுகில் கிபெட் என்ற ஒரு வயதுப் பிள்ளை. அவனைக் கொடுத்தவன் மொம்பாசாவுக்கு லாரி ஓட்டப் போனவன், திரும்பவில்லை. அப்பா இல்லாத பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை என்று ஜெருட்டோவைக் கேட்டால் கெட்டவார்த்தை இல்லாமல் அவளால் சொல்ல முடியாது. இருவர் மணிக்கட்டிலும் புல் கட்டினார்கள், தலையில் வெண்ணெய் தடவினார்கள். ஒருத்திக்கு வாரிசு, இன்னொருத்திக்குக் கூரை, பிள்ளைக்கு அப்பா.

கல்யாணத்துக்கு மறுநாள் சலினா அடுப்பு மூட்டப் போனாள். ஜெருட்டோ விறகைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னங்க இது? ஆம்பளை அடுப்பங்கரைக்குள்ள வரலாமா? ஊர் சிரிக்கும்."

"என்னை என்னங்கன்னு கூப்பிடாதே. கூச்சமா இருக்கு."

"வேற எப்படிக் கூப்பிடறது? அக்கான்னா கல்யாணம் செல்லாது. பேர் சொன்னா அத்தை உதைக்கும். என்னங்கதான்."

தண்ணீர் எடுக்கக் குடத்தைத் தூக்கினாள். ஓடைப் பெண்கள் விரட்டிவிட்டார்கள். தலையிலும் முதுகிலும் சுமப்பது பெண்களின் வேலை, ஆண் சுமக்கக் கூடாது. நேற்றுவரை மலடி என்று சிரித்தவர்கள் இன்று வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து படுத்தாள். பகலில் படுப்பது அவளுக்குப் பழக்கமில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு தூங்கிப்போனாள்.

அங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. அவள் வேகமாக ஓட ஆரம்பித்தாள்.

எந்த மருந்தும் இல்லை. காலையில் ஓடிவிட்டு வந்தால் பால் விட்ட டீ தயாராக இருக்கும். குளித்துவிட்டுப் படுக்கலாம். எழுந்தால் மக்காச்சோளக் களியான உகாலியும் கீரையும், சுரைக்குடுக்கையில் புளித்த முர்சிக் பாலும். மறுபடி மாலையில் ஓட்டம். துணி துவைப்பதில்லை, விறகு சுமப்பதில்லை. ஓட்டக்காரனுக்குப் பாதி வேலை ஓடுவது, மீதிப் பாதி சும்மா கிடப்பது. அந்த மீதிப் பாதி பதினைந்து வருடமாகத் தனக்குக் கிடைக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட ஓடும் ஆண்களுக்கு அது முதல் நாளிலிருந்தே இருந்தது. அவர்கள் அதற்குத் திறமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முப்பத்தெட்டு வயதில், இருபத்தைந்து வயதில் ஓடியதைவிட வேகமாக ஓடினாள்.

கூட ஓடும் ஜெலகட்டுக்கு முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். விடியற்காலை ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் கால் நீட்டி உட்காரும்போது, அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இன்னொரு ஓட்டம் ஓடுவாள்.

"எப்படி அக்கா இப்படிப் பறக்கிறே? என்ன சாப்பிடறே, சொல்லு."

"நீ சாப்பிடறதுதான்."

"நான் சாப்பிடறது பிள்ளைங்க மிச்சம் வச்சதை. உனக்குச் சுடச்சுட ஒருத்தி போடறா. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா நாங்களும் பறப்போம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சலினாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்தியது. ஜெலகட் சொன்னது விளையாட்டா, புகாரா? தன் வேகம் தன்னுடையதா, ஜெருட்டோவுடையதா? ஜெருட்டோவைக் கேட்டாள்.

"என்னுதுதான்," என்றாள் ஜெருட்டோ, பாத்திரம் தேய்த்துக்கொண்டே. "ஜெயிச்சா பாதிப் பதக்கத்தை வெட்டிக் குடுங்க."

அந்த வருடம் முதல்முறையாகக் கப்மெலில் முச்சந்தியிலேயே ஒரு பந்தயம் அறிவித்தார்கள். முச்சந்தியிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை போய்த் திரும்பும் அரை மாரத்தான். பெண்களில் முதல் மூவர் போர்ச்சுகலில் நடக்கும் பெரிய பந்தயத்துக்குப் போகலாம், ஆண்களிலும் அப்படியே. பந்தயக் குழுவின் தலைவர் மெட்டோ வாத்தியார், ஓய்வுபெற்றவர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அப்படி நினைப்பவர்களால்தான் பல பேருக்கு மனம் நோகிறது.

சலினாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அவளுக்கும் தெரியும், கூட ஓடும் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருடம் முழங்கால் என்ன சொல்லுமோ! இந்த வருடம் கால்கள் கேட்டதைக் கொடுத்தன.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மரத்தடியில் நம்பர் கொடுத்தார்கள். வாத்தியார் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அவளுக்கு நீல நம்பரை நீட்டினார்.

"வாத்தியாரே, மாத்திக் குடுத்துட்டீங்க. இது ஆம்பளைங்களுது."

"தெரிஞ்சுதான் குடுத்தோம்."

"விளங்கலையே."

"குழுவுல பேசினோம், சலினா. நீ ஒரு வீட்டுக்குத் தலைவர். மாடு குடுத்து முறைப்படி கட்டினவர். உன்னைப் பொம்பளைங்களோட நிக்க வச்சா உன் கல்யாணத்தையே நாங்க கேவலப்படுத்தின மாதிரி ஆயிடும். நாளைக்கு உன் பையன் எங்களைக் கேக்க மாட்டானா?"

"எல்டோரெட்டுல பொம்பளையாத்தானே ஓடினேன். பாஸ்போர்ட்டுல பொம்பளைன்னுதானே இருக்கு."

"எல்டோரெட்காரங்களுக்கு உன் கல்யாணம் தெரியாது. எங்களுக்குத் தெரியுமே. நாங்க விருந்து சாப்பிட்டோமே."

அவர் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. சலினாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை வைக்க இடம் கிடைக்கவில்லை. அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து கிமாய்யோ வந்தான். இந்த யோசனையை வாத்தியாரின் காதில் போட்டவன் யார் என்று அவன் நடையே சொன்னது.

"ஏன் வாத்தியாரே வற்புறுத்தறீங்க? மஞ்சளே குடுங்க. ஆனா ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, இங்க இருக்கிறவங்க முன்னாடி சொல்லிட்டு வாங்கிக்கட்டும். 'நான் ஆம்பளை இல்லை, பொம்பளை'ன்னு. அவ்வளவுதானே, தம்பி?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறான். அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பல் தெரியும்.

சலினா வாயைத் திறந்தாள். கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிற ஒரு உண்மை அது. அதைச் சொன்னால் மஞ்சள் நம்பர் கிடைக்கும், போர்ச்சுகல் கிடைக்கலாம். ஆனால் அந்த நிமிடமே கல்யாணம் செல்லாது. கிபெட் மறுபடி அப்பா இல்லாத பிள்ளை. கிமாய்யோ கயிற்றை எடுத்துக்கொண்டு தேயிலைச் சரிவுக்குப் போவான், சாட்சி சொல்ல ஒரு பள்ளிக்கூடமே இருக்கும். சொல்லாவிட்டால் நீல நம்பர். கூரை வேண்டுமா, கால்கள் வேண்டுமா என்று கேட்டது போல் இருந்தது. எந்த ஆணிடமாவது யாராவது இப்படிக் கேட்டதுண்டா?

திறந்த வாயை மூடிக்கொண்டு, நீல நம்பரை மடித்துப் பையில் போட்டு வீட்டுக்கு வந்தாள்.

"உங்க அண்ணன் கணக்குப் போட்டு வச்சிருக்கான்," என்றாள் ஜெருட்டோ, நடந்ததைக் கேட்டுவிட்டு. "ஓட்டத்தை நீங்க விட மாட்டீங்கன்னு அவனுக்குத் தெரியும். நாளைக்குக் கோட்டுல நிக்கும்போது எப்படியும் பொம்பளைன்னு கத்துவீங்கன்னு பாக்கறான்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஓடறது நீங்க."

"நீ என்ன நினைக்கிறே?"

ஜெருட்டோ பிள்ளைக்கு உகாலி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி உருண்டையை ஊட்டிவிட்டுச் சொன்னாள். "பொம்பளைன்னு சொன்னா நாங்க எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. சொல்லாதீங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. உங்க காலு அது." பிறகு எழுந்து போய், ஷூவின் அடியில் காய்ந்திருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டினாள்.

சனிக்கிழமை முச்சந்தியில் ஊரே நின்றது. நேரம் பார்க்க நைரோபியிலிருந்து வந்த பையன், சலினா நெஞ்சில் குத்திய நீல நம்பரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"மேடம், உங்க நம்பர் தப்பா இருக்கு. இது ஆண்களுக்கானது."

"தப்பில்ல தம்பி, அவர் ஆம்பளை!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவன் சலினாவைப் பார்த்தான், பத்துப் பேரையும் பார்த்தான், தன் கருவியைப் பார்த்தான். அந்தக் காலையில் அவளைப் போலவே குழம்பிப்போனவன் அவன் ஒருவன்தான். அதனால் அவன்மீது அவளுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

பெண்களை முதலில் விடுவார்கள், ஆண்களைப் பத்து நிமிடம் கழித்து. மஞ்சள் நம்பர்கள் கோட்டில் வந்து நின்றன. ஜெலகட் திரும்பிப் பார்த்துத் தன் பக்கத்தில் ஒரு ஆள் இடம் ஒதுக்கினாள். "வா அக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வா!" சலினா போனால் முதல் மூவரில் தன் இடம் போகும் என்று தெரிந்தே கூப்பிட்டாள். வாத்தியார் வானத்தில் மேகம் பார்த்தார். கிமாய்யோ பைக்குள் கைவிட்டுக் காத்திருந்தான்.

சலினா நகரவில்லை. யோசிக்கவும் இல்லை. நெஞ்சுக்குள் ஒருத்தி, நான் பொம்பளை என்று கத்திக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கத்தல் தொண்டைக்கு வந்தபோது துப்பாக்கி வெடித்துப் பெண்கள் போய்விட்டார்கள். செம்மண் புழுதி மட்டும் நின்றது. முடிவெடுத்தாள் என்று எழுதினால் பொய். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது, அவள் கால்கள் அவளை ஆண்கள் வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றான் ஒரு இளைஞன் அவளிடம். கேலியா மரியாதையா, அதுவும் விளங்கவில்லை.

ஓட ஆரம்பித்ததும் எல்லாம் லேசாகிவிட்டது. ஆண்கள் முன்னால் பறந்து மறைந்தார்கள். வேகமாகப் புறப்பட்டு மூச்சு வாங்கியவர்களைத் தொழிற்சாலை வரை ஒவ்வொருவராகத் தாண்டினாள். திரும்பும் வழியில் மேட்டில் மஞ்சள் நம்பர்கள் தெரிய ஆரம்பித்தன. பத்து நிமிடம் முன்னால் போனவர்கள், பின்தங்கியவர்கள். அவர்களையும் தாண்டினாள். கடைசி மேட்டின் உச்சியில் ஒரு முதுகு தெரிந்தது. ஜெலகட்டின் முதுகு. பத்து நிமிடத்தை முழுதாகப் பிடித்துவிட முடியாது என்று தெரியும். ஆனால் தூரம் குறைந்துகொண்டே வந்தது. காதில் காற்றும், கீழே சரளைக்கல்லும், நெஞ்சில் படபடக்கும் நீலத் துணியும். அந்த மேட்டில் மட்டும் அவள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஓடுகிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

சலினா கோட்டைத் தாண்டியபோது, முன்பே வந்து சேர்ந்த ஜெலகட் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். மூன்றாவது. போர்ச்சுகல் அவளுக்கு.

நேரம் பார்க்கும் பையன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "மேடம், கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். பெண்கள்ல இருந்திருந்தா நீங்க ரெண்டாவது."

"யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள் சலினா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிபெட் ஓடிவந்தான். "அப்பா! அப்பா!" கூட்டம் சிரித்தது. அவனைத் தூக்கினாள். பின்னாலேயே ஜெருட்டோ வந்தாள். ஆனால் சலினாவிடம் வரவில்லை. நேராக ஒலிபெருக்கி வைத்திருந்த வாத்தியாரிடம் போனாள்.

"வாத்தியாரே, எங்க வீட்டுக்காரர் எத்தனாவது வந்தாருன்னு சொல்லுங்க."

வாத்தியார் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். "சலினா ஜெபிட்டோக். ஆண்கள் பிரிவு. நாற்பத்தோராவது இடம்."

"காது சரியாக் கேக்கல. எந்தப் பிரிவு?"

"ஆண்கள் பிரிவு, அம்மா."

"இன்னொருக்கா?"

"ஆண்கள் பிரிவு!" மலை எதிரொலித்தது.

ஜெருட்டோ மெதுவாகத் திரும்பினாள். "கிமாய்யோ மாமா, காதுல விழுந்துச்சா? நீங்களே சிபாரிசு பண்ணி வாங்கிக் குடுத்த நம்பர். இனிமே கயிறு எடுத்துக்கிட்டு எங்க சரிவுப் பக்கம் வந்தீங்கன்னா, இந்த ஊரே சாட்சிக்கு வரும். வருவீங்களா, மாட்டீங்களா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் தகரக் கடைகள் அதிர்ந்தன. கிமாய்யோ பைக்குள்ளிருந்து கையை எடுத்தான், திரும்ப விட்டான், பிறகு ஏதோ வேலை ஞாபகம் வந்தவன் போலப் போய்விட்டான். அதன்பிறகு அவன் சலினாவைத் தம்பி என்று கூப்பிடவில்லை. எப்படியுமே கூப்பிடவில்லை.

சலினா புல்லில் உட்கார்ந்தாள். ஜெருட்டோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முர்சிக் குடுக்கையைத் திறந்து கொடுத்தாள்.

"இதைத்தான் நேத்தே திட்டம் போட்டியா?"

"இல்லங்க. நீங்க மஞ்சள்ல ஓடியிருந்தா வேற ஏதாவது கத்தியிருப்பேன்." சலினாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "அழறீங்களா?"

"தெரியல."

"சந்தோஷமா?"

"அதுவும் தெரியல. நிலம் நின்னுடுச்சு. ஆனா நான் ரெண்டாவது வந்தேன், ஜெருட்டோ. அது எங்கயும் இல்லையே."

ஜெலகட் வந்து அவள் தோளில் கைவைத்தாள். தன் மஞ்சள் நம்பரைக் கழற்றிச் சலினாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். சலினா மஞ்சளையும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கிபெட் இரண்டையும் எடுத்துக் கசக்கினான்.

சலினா இன்றைக்கும் விடியும் முன் அந்தச் சாலையில் ஓடுகிறாள். அடுத்த வருடம் எந்த நிறம் என்று வாத்தியாரைக் கேட்டாள். "பாப்போம்," என்றார். ஆண் என்று ஒப்புக்கொண்ட ஊர், நிலத் தகராறு பேச ஆண்கள் மரத்தடியில் கூடும்போது அவளுக்கு ஒரு முக்காலி போட்டதுண்டா என்று கேட்டாள். அதற்கும் "பாப்போம்" என்றார். ஆண் என்ற பட்டத்தில் சுமை மட்டும் அவளுக்கு, முக்காலி அவர்களுக்கு. பெண் என்ற பட்டத்திலும் இதே பங்கீடுதான் இருந்தது. எந்தப் பக்கம் நின்றாலும் அவள் கோட்டுக்கு வெளியே நிற்கும்படி கோடு போட்டவன் எவன்? அவளுடைய குழப்பம் அவளுடைய அறிவுக் குறைவல்ல. நேராக யோசிக்கிற ஒருத்தி கோணலான ஒரு இடத்தில் நிற்கும்போது அப்படித்தான் தலை சுற்றும்.

இதைப் படித்துவிட்டு, எங்கோ ஆப்பிரிக்க மலையில் நடக்கும் விநோதம் என்று தாளைத் திருப்பிவிடாதீர்கள். நம் ஊரில் பெண்ணை ஆணாக்கும் சிரமம்கூட யாரும் படுவதில்லை. ஒரு பட்டுப்புடவையைக் கையில் கொடுத்து, பத்திர அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம். ஆகவே எழுந்து போய் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறங்கள். அப்பாவின் நிலப் பத்திரத்தை எடுங்கள். அக்கா பெயரோ தங்கை பெயரோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவள் கேட்கும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே அவள் பங்கை அவள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.